கசப்பெல்லாம் மருந்தாகுமா?



கரையோரத் தோட்டம் ஒன்றில் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு தாய், ஈரத் துணியில் சுற்றிய செடிக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் ஆறு வயதுப் பையன். கை கால் குச்சி குச்சியாக, வயிறு மட்டும் உப்பலாக இருந்தது.

“ஐயா, இது கடல் மாசிபத்திரிதானே? வயித்துப் பூச்சிக்கு நல்லதுன்னு கைப்பேசியிலே படம் போட்டு வந்துச்சு. மூணு நாளா கஷாயம் வச்சுக் கொடுக்கிறேன். பூச்சி விழலே. பையன் வாந்திதான் எடுக்கிறான்.”

“எங்கேம்மா பறிச்சீங்க?”

“தோட்டத்து வாசல்லே, மாட்டுத் தீவன லாரி நிக்கிற இடத்துலே. படத்துலே இருந்த மாதிரியே இலை வெட்டு வெட்டா இருந்துச்சு. வாயிலே வச்சுப் பார்த்தேன், எட்டிக்காய்க் கசப்பு. சரி, மருந்துதான்னு நம்பிட்டேன்.”

துணியைப் பிரித்தபோது அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டு வரையில் சிவந்து தடித்திருந்தது. செடியின் நுனியில் மூக்குத்திக் கல் அளவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். அந்தப் பூ ஒன்றே போதும், இது மாசிபத்திரி இல்லை என்று சொல்ல. அது எந்தச் செடி என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், கைப்பேசிப் படத்தில் இருந்த அசல் செடியை அறிமுகம் செய்துவிடுகிறேன். அசல் எது என்று தெரிந்தால்தானே போலியைக் கண்டுபிடிக்க முடியும்?

அசல் செடியின் அங்க அடையாளம்

மாசிபத்திரி என்பது ஒரு செடியின் பெயர் மட்டுமல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பூமாலையில் வாசனைக்குச் சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இந்தக் குடும்பம்தான். ஆங்கிலத்தில் வார்ம்வுட் என்பார்கள். செடி நூல் படித்தவர்கள் ஆர்ட்டிமீசியா என்பார்கள். அதில் கடலோரத்தில் வளரும் ஒரு வகைதான் சீ வார்ம்வுட், அதாவது கடல் மாசிபத்திரி.

இதன் சொந்த ஊர் வட மேற்கு ஐரோப்பா. பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் நாடுகளின் கடலோர உப்புச் சேற்று நிலங்களில் தானாக வளர்கிறது. அலை தினம் அடிக்கும் இடத்தில் இருக்காது. பெரிய ஓதம் வரும்போது மட்டும் உப்புத் தண்ணீர் தொட்டுவிட்டுப் போகும் மேட்டிலும், ஓடைக் கரையிலும், கடல் தடுப்புக் கரைகளின் ஓரத்திலும்தான் பார்க்கலாம். இதுதான் முதல் அடையாளம்: இடம்.

இரண்டாவது, அடித்தண்டு. இது பல ஆண்டு உயிரோடிருக்கும் செடி. மேலே உள்ள தண்டு குளிர்காலத்தில் பட்டுப்போனாலும், மரம் போல் இறுகிய வேர்க்கட்டை மண்ணுக்குள் இருந்து மறு வருடம் துளிர்விடும். உயரம் அதிகமில்லை. நம் முழங்காலைத் தாண்டினாலே பெரிய செடி.

மூன்றாவது, இலை. இலையை இரண்டு மடங்கு வெட்டியது போல் இருக்கும். அதாவது, இலை கிளையாகப் பிரிந்து, அந்தக் கிளை மறுபடியும் பிரியும். கடைசித் துண்டுகள் மெல்லிய குச்சி போல, நுனி மொட்டையாக இருக்கும். மேல்புறம், அடிப்புறம் இரண்டிலும் வெண்சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியது போன்ற மெல்லிய ரோமம். தூரத்தில் இருந்து பார்த்தால் செடி முழுவதும் திருநீறு பூசியது போலத் தெரியும். பச்சைப் பசேல் என்று ஒரு செடியைக் காட்டி, இதுதான் கடல் மாசிபத்திரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்காவது, வாசனை. இலையை விரலில் கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். சூடம் கலந்தது போல ஒரு கார வாசனை. கையைக் கழுவினாலும் சீக்கிரம் போகாது.

ஐந்தாவது, பூ. இதைத்தான் எல்லாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மாசிபத்திரிக் குடும்பத்துப் பூவுக்கு, நாம் பூ என்று நினைக்கும் விரிந்த இதழே கிடையாது. கடல் மாசிபத்திரியின் பூ, முட்டை வடிவத்தில், கடுகை விடச் சற்று நீண்ட மொட்டு போல இருக்கும். மஞ்சள், அல்லது சிவப்புப் படர்ந்த மஞ்சள் நிறம். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கிளை நிறைய வரும். கிளை சில செடிகளில் நிமிர்ந்து நிற்கும், சிலவற்றில் தொங்கும். வெள்ளை இதழ் விரிந்திருந்தால் அது மாசிபத்திரி இல்லை. வேறு விசாரணையே வேண்டாம்.

அந்த நாட்டிலேயே இதற்கு இரண்டு உறவுக்காரச் செடிகள் உண்டு. ஒன்று மேட்டு நிலத்து வார்ம்வுட். அது இடுப்பளவுக்கு வளரும். இலைத் துண்டு அகலமாக இருக்கும், பூ உருண்டையாகத் தலை கவிழ்ந்திருக்கும். இன்னொன்று மக்வோர்ட். அதன் இலை மேலே பச்சை, கீழே மட்டும் வெள்ளை. அந்த ஊர்க்காரர்களே இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், பூவை உற்றுப் பார்க்கிறார்கள். நாமோ ஒரு சின்னப் படத்தை வைத்துக்கொண்டு, லாரி நிற்கும் இடத்தில் பறித்து அடுப்பில் ஏற்றிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடல் மாசிபத்திரி நம் மலேசியக் கடற்கரையில் தானாக வளர்வதில்லை. மோரிப்பிலும் இல்லை, பாகான் டத்தோவிலும் இல்லை. நம் கரை அலையாத்திக் காடும் சேறும் உள்ள வெப்பக் கரை. அது குளிர் நாட்டுச் செடி. ஆகவே “கடற்கரையிலே பறிச்ச கடல் மாசிபத்திரி” என்று நம்மூரில் யாராவது கொண்டு வந்தால், அது வேறு ஏதோ ஒரு செடி.

பெயரை நம்பலாமா?

“பேரிலேயே பூச்சி இருக்குதே ஐயா, வார்ம் என்றால் புழுதானே?” என்று ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. வார்ம்வுட் என்ற சொல் புழுவிலிருந்து வந்ததே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் வெர்மோட். காலப்போக்கில் மக்கள் வாயில் வார்ம், வுட் என்று திரிந்துவிட்டது. வெர்முத் என்ற மதுவின் பெயரும் அந்தச் சொல்லுக்கு உறவுதான்.

கடல் என்ற பெயரும் அப்படித்தான் ஏமாற்றும். இமயமலைப் பக்கம், காஷ்மீரிலும் குர்ரம் பள்ளத்தாக்கிலும் வளரும் ஒரு மாசிபத்திரியைப் பழைய நூல்களில் கடல் மாசிபத்திரி என்றே எழுதி வைத்திருந்தார்கள். கடலுக்கும் அந்த மலைக்கும் எவ்வளவு தூரம்! பின்னால் வந்தவர்கள் அதை வேறு இனமாகப் பிரித்தார்கள். படித்தவர்களுக்கே பெயரில் இவ்வளவு குழப்பம் வந்தது என்றால், பாசார் மாலாமில் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நாம் எப்படி நம்புவது?

அந்த அம்மா கொண்டு வந்த செடி

சரி, அந்தத் துணிக்குள் இருந்தது எது? பார்த்தீனியம். மலாயில் ரும்பாய் மியாங் மெக்சிகோ என்கிறார்கள். மியாங் என்றால் அரிப்பு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் 1950களில் புனே பக்கம் தெரிய வந்து, பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் இதனால் அரிப்பு கண்ட விவசாயிகள் ஏராளம். நம் நாட்டில் 2013-இல் சிலாங்கூர் பத்தாங் காலியில் இருப்பது கண்டறியப்பட்டது. பிறகு வேறு மாநிலங்களிலும் காணப்பட்டது. சாலை ஓரம், மாட்டுப் பட்டி, மண் கொட்டிய இடம், லாரி நிற்கும் இடம் என்று காலி மண் கிடைத்தால் முளைத்துவிடும். ஒரு செடியே ஆயிரக் கணக்கில் விதை போடும்.

இலை வெட்டு வெட்டாக இருப்பதால் மாசிபத்திரி என்றும் சாமந்தி என்றும் மயங்குவது சுலபம். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. இதன் இலை பச்சை, வெள்ளைப் பஞ்சு கிடையாது. தண்டில் நீள நீளமாக வரிப் பள்ளம் இருக்கும், ரோமம் இருக்கும். பூ வெள்ளை, சுற்றிலும் ஐந்து மூலை தள்ளிக்கொண்டிருக்கும். கசக்கினால் அந்தச் சூட வாசனை வராது. பல ஆண்டு வாழும் கட்டை வேரும் கிடையாது. சில மாதங்களில் பூத்து, விதை கொட்டிச் செத்துப்போகும்.

தொட்டுப் பழகியவர்களுக்குத் தோல் தடிக்கும், அரிக்கும். சிலருக்கு முகம், கழுத்து எல்லாம் கறுத்து வெடிக்கும். அதன் மகரந்தத்தால் மூச்சிரைப்பும் தும்மலும் வரும். மாடு தின்றால் பால் கசக்கும், அதிகம் தின்றால் மாடே நோயில் விழும். இதைத்தான் அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்தார். கசப்புதான் அவருக்குச் சாட்சி. தோழர்களே, கசப்பு ஒரு சாட்சியே அல்ல! நஞ்சும் கசக்கும், மருந்தும் கசக்கும்.

நம் பக்கத்தில் மயங்க வைக்கும் வேறு இரண்டு செடிகளையும் சொல்லிவிடுகிறேன். அலையாத்திக் காட்டு ஓரத்திலும் பண்டு ஓரத்திலும் புதராக வளரும் பெலுந்தாஸ் ஒன்று. மலாய்க்காரர்கள் அதன் கொழுந்தை உலாம் ஆகச் சாப்பிடுகிறார்கள். அதற்கும் வாசனை உண்டு. ஆனால் இலை வெட்டுப்படாத ஒற்றை இலை, ஓரம் ரம்பம் போல் இருக்கும், பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அது கெட்ட செடி இல்லை, ஆனால் மாசிபத்திரியும் இல்லை. இன்னொன்று, சில வீட்டு வாசலில் தொட்டியில் வளர்க்கிறார்களே, மேலே பச்சையும் கீழே வெள்ளையுமாக இலை உள்ள செடி, மலாயில் பாரு சீனா என்பது. அது மாசிபத்திரிக் குடும்பம்தான். சீனர்களும் அதை மருந்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது கடல் மாசிபத்திரி இல்லை.

நாம் அடித்த மருந்தை நாமே குடிப்பதா?

செடி அசலாகவே இருக்கட்டும். அது எங்கே முளைத்தது என்று கேட்க வேண்டாமா? தோட்டத்தில் ரோட்டு ஓரம், பண்டு ஓரம், செம்பனை அடிவட்டம் எல்லா இடத்திலும் களைக்கொல்லி அடிக்கிறோம். அடிப்பவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். நம் பேச்சு வழக்கில் அதற்கும் “மருந்து அடிக்கிறது” என்றுதான் பெயர். காலையில் ஒரு மருந்தைச் செடி மேல் அடித்துவிட்டு, மாலையில் அதே செடியை மருந்து என்று பறித்துக் காய்ச்சினால் என்ன நியாயம்?

பாராகுவாட் என்ற கொடிய நஞ்சு இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. நல்ல காரியம். அதற்காக மற்ற களைக்கொல்லிகள் எல்லாம் இளநீர் ஆகிவிடாது. கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி இருக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அதில் இருப்பது கெட்டியாகத்தான் ஆகும். தோட்ட வேலைக் காட்டிலும் ரோட்டு ஓரத்திலும் பறித்ததை வாயில் வைக்கவே கூடாது. இது முதல் விதி.

அந்தக் காலத்து மருந்தின் கதை

“அப்படியானால் பெரியவர்கள் சொன்னது பொய்யா?” என்று கேட்பீர்கள். பொய் இல்லை. மாசிபத்திரி இனங்கள் சிலவற்றில் புழுவைத் தாக்கும் சரக்கு இருக்கிறது. அதன் பெயர் சாண்டோனின். மத்திய ஆசியாவில் வளரும் ஒரு மாசிபத்திரியின் விரியாத பூ மொட்டிலிருந்து அதை எடுத்தார்கள். மொட்டு விரிந்துவிட்டால் சரக்கு குறைந்துபோகும். சில செடியில் நிறைய இருக்கும், அதே போல் தோன்றும் இன்னொரு செடியில் இருக்கவே இருக்காது.

ஜப்பானில் என்ன செய்தார்கள் தெரியுமா? கடல் மாசிபத்திரி வகை ஒன்றின் விதையை 1920களில் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து, கியோத்தோ நகரில் மிபு என்ற இடத்தில் ஒரு மருந்து நிறுவனம் வளர்த்தது. அதிலிருந்து சாண்டோனினைப் பிரித்தெடுத்து 1940-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அவர்கள் இலையைக் காய்ச்சிக் கொடுக்கவில்லை. சரியான செடியைத் தேர்ந்து, சரியான பருவத்தில் அறுத்து, சரக்கைப் பிரித்து, நிறுத்து, பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி கொடுத்தார்கள்.

அப்படி அளந்து கொடுத்தும் அது லேசான மருந்து இல்லை. சாப்பிட்டவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அளவு மிஞ்சினால் வாந்தி, வலிப்பு, சில பிள்ளைகளுக்கு மரணமும் நேர்ந்தது. அதுவும் உருண்டைப் புழுவுக்குத்தான் வேலை செய்தது. தோட்ட மக்களின் இரத்தத்தை உறிஞ்சிய கொக்கிப்புழுவுக்கு அது பலிக்கவில்லை.

கொக்கிப்புழுவுக்கு அந்நாளில் கொடுத்தது வேறு ஒரு செடியின் எண்ணெய், கீனோபோடியம். 1915 முதல் 1917 வரை அமெரிக்க ராக்கஃபெல்லர் அறநிறுவனத்தின் மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்து, தோட்டத் தொழிலாளிகளிடம் கொக்கிப்புழுவை ஆராய்ந்தபோது அந்த எண்ணெயைச் சோதித்தது. அதிலும் அளவு தவறினால் உயிருக்கு ஆபத்து. இந்த மருந்துகளை எல்லாம் உலகம் கைவிட்டதற்குக் காரணம், அவை “நாட்டு மருந்து” என்ற இளக்காரம் அல்ல. அவற்றை விட நல்லது, பத்திரமானது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாசிபத்திரி எண்ணெயின் ஆபத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1997-இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வந்தது. 31 வயது ஆள் ஒருவர், இணையம் வழியாக வார்ம்வுட் எண்ணெய் வாங்கி, சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி குடித்தார். வலிப்பு வந்து, தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்குப் போனார். வாங்கிய சீசாவில் செடியின் பெயர் சரியாகத்தான் இருந்தது! ஆகவே, கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வலிப்பு உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் மாசிபத்திரிக் கஷாயத்துக்கும் எண்ணெய்க்கும் பக்கத்திலேயே போக வேண்டாம்.

பூச்சிக்கு என்ன செய்வது?

அந்தப் பையனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொன்னோம். வாந்தியைக் கவனித்தார்கள், மலம் சோதித்தார்கள், அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார்கள். மறு நாளும் அதற்கு மறு நாளும் புழு விழுந்ததாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. பாசார் மாலாமில் அந்தப் பொட்டலம் எத்தனை வெள்ளி என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு அதில் பாதி. இதுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் சாப்பிடக் கூடாது, பிறகும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். இரவில் ஆசன வாயில் அரிக்கும் கீரிப்பூச்சி என்றால் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கு வயிறு கல்லாக உப்பி, வலியில் துடித்து, விடாமல் வாந்தி எடுத்து, மலமும் போகாமல் இருந்தால், புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது மாத்திரையும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

காய்ச்சலுக்கும் இதே கதைதான். மாசிபத்திரி இனம் ஒன்றிலிருந்துதான் மலேரியா மருந்து வந்தது, அதற்காகச் சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. உண்மை. ஆனால் அது ஒரே ஆண்டு வாழும் வேறு செடி. அதன் இலையைத் தேநீராகக் குடிப்பதை மலேரியாவுக்கு மருந்தாக ஏற்க முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலேசி மலேரியா இன்னும் இருக்கிறது, காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்பவர்களைத் தாக்குகிறது, உயிரையும் குடிக்கிறது. காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும். “ரெண்டு நாள் இலைத் தண்ணி குடிச்சுப் பார்ப்போம்” என்று தள்ளிப் போடுகிற அந்த இரண்டு நாள்தான் ஆளைக் கொல்லும்.

பூச்சி எங்கிருந்து வருகிறது?

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். மாத்திரை கொடுத்தோம், பூச்சி விழுந்தது. மூன்று மாதத்தில் மறுபடியும் வந்தால்? ஒரு பெண் உருண்டைப்புழு ஒரு நாளில் சுமார் இரண்டு லட்சம் முட்டை போடும். அது மலத்தோடு மண்ணில் விழுந்து, பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. கக்கூசு உடைந்து கிடந்தால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், லயத்துச் சாக்கடை நிரம்பி வழிந்தால், எந்தச் செடியும் எந்த மாத்திரையும் நம்மை நிரந்தரமாகக் காப்பாற்றாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் 1974-இல் தொடங்கி 1983-இல் நிறுத்தப்பட்டது. பூச்சி மட்டும் அந்த ஆண்டோடு நின்றுவிடவில்லை. ஏழைப் பிள்ளைகளின் வயிற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வகுப்பில் தூங்கினால் “சோம்பேறி” என்கிறார்கள். இரத்தம் இல்லாத உடம்பு தூங்காமல் என்ன செய்யும்?

தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990-இல் வந்த சட்டம் இருக்கிறது. 446-ஆம் எண் சட்டம். வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஆகவே, ஒரு லயத்தில் நான்கு பிள்ளைகளுக்குப் பூச்சி இருந்தால், அது நான்கு தாய்மார்களின் குற்றம் அல்ல. கக்கூசையும் குழாயையும் முதலில் பாருங்கள்.

பாட்டி வைத்தியத்தை நான் கேலி செய்யவில்லை. ரசத்தையும் சுக்குக் காப்பியையும் யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் பாட்டி செடியைத் தெரிந்து பறித்தாள். பிஞ்சிலிருந்து விதை வரையில் அதைப் பார்த்திருந்தாள். எங்கே முளைத்தது என்றும் அவளுக்குத் தெரியும். நாம் படத்தைப் பார்த்துப் பறிக்கிறோம். அது பாட்டி வைத்தியம் ஆகாது.

ஆகவே, தோழர்களே, இவற்றை மனதில் வையுங்கள். பூ இல்லாத செடியை இன்னதென்று முடிவு கட்டாதீர்கள். இலையின் இரு புறமும், தண்டு, வேர், வாசனை, பூ, முளைத்த இடம் எல்லாம் ஒத்து வந்தால் மட்டுமே பெயர் சொல்லுங்கள். ஒன்று ஒத்து வராவிட்டாலும் கீழே போட்டுவிடுங்கள். பெயர் சரியாக இருந்தாலும், உள்ளுக்குச் சாப்பிடுமுன் கிளினிக்கில் கேளுங்கள். தெரியாத செடியைச் சாப்பிட்டு வாந்தியோ வலிப்போ வந்தால், மிச்சம் இருக்கும் செடியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பினாங்கில் உள்ள தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்க அது உதவும்.

பார்த்தீனியத்தைக் கண்டால் வெறுங்கையால் பிடுங்காதீர்கள். கையுறை, முகமூடி, நீளச் சட்டை இல்லாமல் அந்தக் களையை வெட்டச் சொன்னால், கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள். அவர் நிர்வாகத்துக்கும் மாவட்ட விவசாய இலாகாவுக்கும் எழுத வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் கக்கூசு, குழாய், சாக்கடை மூன்றையும் முதல் பேச்சாக வையுங்கள்.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வாசலில் இருந்த செடிகளையும் கையுறை போட்டுப் பிடுங்கிவிட்டார்களாம். ஆனால் அவர்கள் லயத்துக் கக்கூசுக் கதவு இன்னும் உடைந்துதான் கிடக்கிறது என்று அந்தத் தாய் சொல்லி அனுப்பினார். கிளை அதை எழுதிக் கொடுத்திருக்கிறது. கதவு மாட்டும் வரை விடப் போவதில்லை.